எட்டாவது அட்டை

மீரா சாஹிப்பின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் காலைக் கூட்டம் கலைந்து பகல் கூட்டம் வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். மற்ற கடைக்காரர்கள் அந்த நேரத்தில் முதுகைச் சாய்ப்பார்கள். சாஹிப் இரண்டு குவளை தேநீரைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவார். மாடியில் கலாதேவியின் அலுவலகம். ‘மொழிபெயர்ப்பு செய்து, மனு எழுதித் தரப்படும்’ என்று பலகை சொல்லும். முப்பத்திரண்டு வருடம் ஈப்போவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். திருடனின் பொய்யையும் சாட்சியின் பொய்யையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மூன்று மொழிகளில் சொல்லிச் சொல்லி, ஓய்வு பெற்ற நாளில் அவருக்குக் குரலே பாதிதான் மிச்சமிருந்தது. மனு எழுத வந்தவர்கள் காணாமல் போன தம்பியைப் பற்றியும் கையெழுத்து மாறிய உயிலைப் பற்றியும் அழ ஆரம்பிக்க, கேட்டுக் கேட்டு அவர் சிலதைக் கண்டுபிடித்தும் கொடுத்தார். அதைப் பலகையில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை; சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் சாஹிப் சொல்லிவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாடியில் ஒரு பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். சாதாரணச் சட்டைதான். ஆனால் கீழே அவள் நிறுத்திவிட்டு வந்த காரை சாஹிப் பார்த்திருந்தார்.

“இவர் மீரா சாஹிப். நீ சொல்றதை இவர் கேட்டாப் பரவாயில்லை. வேணாம்னாலும் கேப்பாரு,” என்றார் கலாதேவி.

“நான் ஷாமினி,” என்றாள் அவள். “அப்பா பேரு தர்மேந்திரன். சிம்பாங் பூலாய்ல குவாரி வச்சிருக்காரு.”

சாஹிப் குவளையை மெதுவாக வைத்தார். ஈப்போவில் பாதி லோரிகள் அந்தக் குவாரியின் கல்லைத்தான் சுமக்கின்றன. ஒரே மகள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

ஷாமினி பைக்குள்ளிருந்து எட்டு அட்டைகளை எடுத்து மேசையில் அடுக்கினாள். எல்லாம் கையால் வரைந்தவை. முன்பக்கம் தண்ணீர் வர்ணத்தில் கடல். பின்பக்கம் தமிழில் ஒன்றிரண்டு வரி. வரிக்குக் கீழே கையெழுத்துக்குப் பதிலாக, நகம் அளவுக்கு ஒரு ரப்பர் மரம். மரத்தில் ஒரு சாய்ந்த வெட்டு, அதன் அடியில் பால் வடிய ஒரு மங்கு.

“கப்பல்ல சந்திச்சேன் ஆண்ட்டி. போன வருஷம் ஜூன்ல. போர்ட் கிள்ளான்ல ஏறி பினாங்கு, புக்கெட் போய்ட்டுத் திரும்புற கப்பல். மாமா பொண்ணுக்குக் கல்யாணம், அதுக்கு முன்னாடி பொண்ணுங்க எல்லாம் சேந்து போனோம். ஏழாவது மாடியில லிஃப்ட் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து முகம் வரைவாரு. பவித்ரன். விளையாட்டுக்கு உக்காந்தேன். மத்தவங்களுக்கு இருபது நிமிஷத்துல வரைஞ்சு கொடுத்தவரு, எனக்கு மட்டும் ‘மூக்கு சரியா வரல, நாளைக்கு வாங்க’ன்னாரு. மறுநாளு கண்ணு சரியா வரல. நாலு நாளும் ஏதோ ஒன்னு வரல.”

“கெட்டிக்காரன்லா!” என்றார் சாஹிப்.

ஷாமினி சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டாள். “அதுக்கப்புறம் ரெண்டு தடவை தனியாவே போனேன். கப்பல்ல நான் யாரு பொண்ணு, அவரு எந்த ரூம்ல எத்தனை பேரோட படுக்குறாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இறங்கினா கேப்பாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அம்மா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த தோட்டத்துலதான் பொறந்தேன்னு சொல்வாரு. அந்தத் தோட்டம் இப்ப இல்ல. எனக்கு அப்போ தமிழ் படிக்கத் தெரியாது. தெரியாதவளுக்குத் தமிழ்லதான் எழுதுவேன்னு மாசம் ஒரு அட்டை அனுப்பினாரு. அதைப் படிக்கிறதுக்காகவே கத்துக்கிட்டேன்.”

“மூணாவதைப் படி,” என்றார் கலாதேவி.

“‘ஷாமி, இன்று கடல் பச்சை. நீ இல்லை,’” என்று தடுமாறாமல் படித்தாள்.

“சரி. எட்டாவது?”

“அது எனக்குச் சரியாப் படிக்க வரல ஆண்ட்டி. சில எழுத்து புரியல. நான் புதுசாக் கத்துக்கிட்டவதானே. கோயில் கிளார்க்குதான் படிச்சுக் காட்டினாரு.”

கலாதேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீதிமன்றத்தில் படிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார்: “‘ஷாமினி, என்னைத் தேட வேண்டாம். கப்பலில் இப்போது நான் இல்லை. எனக்குக் கலியாணம் ஆகிவிட்டது. நீ நல்ல பிள்ளை. உனக்கு ஏற்ற மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டிக்கொண்டு நல்லா இரு.’”

கீழே யாரோ தட்டைப் போட்டு உடைத்த சத்தம் கேட்டது. சாஹிப் எழுந்திருக்கவில்லை.

“பிப்ரவரி பன்னெண்டாந்தேதி வாட்சப்ல ஒரு மெசேஜ். ‘கப்பல் கிள்ளான் வந்திருச்சு, ஒரு வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்’னு. அதோட சரி. போன் ஆஃப். ஆறு வாரம் கழிச்சு இந்த அட்டை. கவர்ல அட்ரஸ் இங்கிலீஷ்ல அவரு கையெழுத்துதான், நல்லாத் தெரியும். படமும் அவரு வரைஞ்சதுதான். கப்பல் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். பவித்ரன்னு ஒருத்தர் எங்ககிட்ட வேலையே செய்யலன்னாங்க.”

“அதே வார்த்தையா?”

“அதே வார்த்தை. ‘அந்தப் பேர்ல யாரும் இல்லை.’” அவள் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். “அப்பாவுக்கு ஜனவரியிலேயே தெரிஞ்சிருச்சு. ஆள் விட்டு விசாரிச்சாரு. அப்புறம்தான் இதெல்லாம். வர்ற வெள்ளிக்கிழமை எனக்குப் பரிசம் போட வர்றாங்க. டாக்டர் மாப்பிள்ளை, நல்லவருதான். பவித்ரன் தானா இதை எழுதியிருந்தா நான் பேசாம உக்காந்து பூ வச்சுக்குவேன். எங்கப்பா மிரட்டி எழுத வச்சிருந்தா அன்னைக்கே வீட்டை விட்டுப் போயிருவேன், திரும்ப மாட்டேன். எது உண்மைன்னு மட்டும் எனக்குத் தெரியணும்.”

கலாதேவி உறையைத் திருப்பிப் பார்த்தார். மலேசிய அஞ்சல் தலை. முத்திரை மை பரவி, ஊர்ப் பெயர் அழிந்து, ‘பேராக்’ என்பது மட்டும் தெரிந்தது.

*

அவள் போனதும் சாஹிப் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார்.

“அக்கா, முத்திரை பேராக். கப்பல்காரனுக்கு பேராக்ல என்ன வேலை? அப்பன்காரன்தான்லா! அதோட இதைப் பாருங்க.” எட்டு அட்டைகளையும் வரிசையாகத் திருப்பி வைத்தார். “ஏழுலயும் மரத்துல வெட்டு வலது பக்கம் மேல, இடது பக்கம் கீழ. எட்டாவதுல மட்டும் தலைகீழ். இடது பக்கம் மேல.”

“பாத்தேன்.”

“பாத்தீங்களா?” சாஹிப்பின் குரல் சற்று இறங்கியது. “அப்ப எது சரியான வெட்டு? எங்க வாப்பா தோட்டத்துக்கு மளிகை போட்டவருதான், நான் மரத்தைத் தொட்டதில்ல.”

“தெரிஞ்சவங்ககிட்ட கேப்போம். சாஹிப், கோர்ட்டுல சாட்சி கூண்டுல ஏறினதும் நான் முதல்ல என்ன கேப்பேன் தெரியுமா?”

“பேரு.”

“எந்தப் பேருன்னு கேப்பேன்,” என்றார் கலாதேவி. “போர்ட் கிள்ளான்ல உங்க மச்சான் கடை வச்சிருக்காரே, கப்பல்காரங்க சாப்பிடுற இடம். அவர் நம்பரைக் கொடுங்க.”

எண்ணைக் கொடுத்துவிட்டு சாஹிப் மனமில்லாமல் கீழே இறங்கினார். பகல் கூட்டம் முடிந்து அவர் திரும்பி வந்தபோது கலாதேவி அதே இடத்தில் இருந்தார். தேநீர் ஆடை படிந்து கிடந்தது. தொலைபேசி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“என்ன சொன்னான் மச்சான்?”

“நாளைக்கு தர்மேந்திரனை வரச் சொல்லியிருக்கேன். என் பழைய ஆபீஸ்ல ஒரு பேப்பர் கேட்டிருக்கேன். அது வந்தப்புறம் சொல்றேன்.” கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். “இன்னைக்கு இதைப் பேச வேணாமே, சாஹிப்.”

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில், கலாதேவி ‘வேணாமே’ என்று கெஞ்சியதை சாஹிப் ஒருநாளும் கேட்டதில்லை. குவளைகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

*

தர்மேந்திரன் மறுநாள் பத்து மணிக்கு வந்தார். பெரிய உடம்பு, சுண்ணாம்புத் தூசி படிந்த காலணி. உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

“மேடம், என் மகள் உங்ககிட்ட வந்தான்னு தெரியும். நேராச் சொல்லிர்றேன். அந்தப் பையன் வேணாம்னு நினைச்சேன். ஆள் விட்டு விசாரிச்சேன். கப்பல்ல அப்படி ஒருத்தனே இல்லன்னாங்க. பொய்ப் பேரு சொல்லி ஏமாத்துற பயன்னு முடிவு பண்ணினேன். அவ்ளோதான். நான் அவனைப் பாத்ததுகூட இல்ல.”

“இதைப் பாத்துச் சொல்லுங்க,” என்று கலாதேவி எட்டு அட்டைகளையும் மரம் தெரியும்படி வைத்தார். “இந்த மரங்கள்ல என்ன வித்தியாசம்?”

தர்மேந்திரன் குனிந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. அப்போதுதான் உட்கார்ந்தார்.

“இந்த ஏழும் வரைஞ்சவன் பால் வெட்டுற உளியைக் கையால தொட்டதில்ல. வெட்டு எப்பவும் இடது மேல ஆரம்பிச்சு வலது கீழ எறங்கணும். மரத்துக்குள்ள பால் ஓடுற நரம்பு அப்படி. மாத்தி வெட்டினா பால் கொறைஞ்சிரும், மேற்பார்வை பாக்குற தண்டல் நம்ம தோலை உரிச்சிருவாரு.” எட்டாவது அட்டையை விரலால் தட்டினார். “இது மட்டும் சரி. இது மரம் வெட்டின கை.”

“நீங்க வெட்டியிருக்கீங்களா?”

“சுங்கை சிப்புட் பக்கம், பதினஞ்சு வயசு வரைக்கும். காலையில அம்மாகூட நாலு நிரை மரம் வெட்டிட்டு அப்புறம்தான் ஸ்கூலு.” சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னதன் பொருள் அவருக்கு உறைத்தது. “மேடம், நான் எழுதல.”

“அதை எழுதியே கொடுங்க. ‘இந்த அட்டையை நான் எழுதவில்லை.’ தமிழ்ல.”

முகம் சிவந்தாலும் எழுதினார். கலாதேவி அந்தத் தாளைப் பார்த்தார். சாஹிப்பும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ‘எழுதவில்லை’ என்பதன் கடைசி எழுத்து இப்போது அச்சில் வருவதுபோல் இல்லை. ‘ல’வின் தலையில் யானைத் தும்பிக்கைபோல் ஒரு சுழி. எட்டாவது அட்டையிலும் ‘இல்லை’ அப்படித்தான் இருந்தது.

அவர் படியிறங்கும் வரை சாஹிப் காத்திருந்தார். “மாட்டிக்கிட்டான்! மரம் வெட்டின கையி. அதே பழைய எழுத்து. எண்பதுகள்ல எழுத்தை மாத்துறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல படிச்சவன். பவித்ரன் முப்பது வயசுப் பையன், அவனுக்கு அந்த எழுத்தே தெரியாது. அதனாலதான் அந்தப் பொண்ணுக்கும் படிக்க வரல. மூணாவது அட்டையில ‘இல்லை’யை டக்குனு படிச்சுச்சு, எட்டாவதுல அதே சொல் வரல. சரியாக்கா?”

“எல்லாம் சரி.”

“அப்ப அவருதான்லா?”

“மரம் வெட்டினவங்க, பழைய எழுத்து எழுதுறவங்க பேராக்ல அவர் ஒருத்தர்தானா? நாளைக்கு வேனை எடுங்க. பாகான் டத்தோ போறோம். அப்பாவையும் மகளையும் பின்னால வரச் சொல்லியிருக்கேன்.”

*

வியாழக்கிழமை மழை இல்லை; புகைமூட்டம்போல் ஒரு வெக்கை. தெலுக் இந்தான் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, பிறகு தென்னை, மறுபடி செம்பனை. கலாதேவி ஒரு பழுப்பு உறையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசாமல் வந்தார். ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு இளநீர்க் கடைப் பக்கம் நிறுத்தச் சொன்னார். பின்னால் வந்த காரிலிருந்து ஷாமினியை மட்டும் அழைத்துக்கொண்டு மரநிழலுக்குப் போனார்.

சாஹிப் வேனிலிருந்தே பார்த்தார். கலாதேவி நாலைந்து வாக்கியங்களுக்கு மேல் பேசவில்லை. ஷாமினி கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்தாள். அழவில்லை. ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கலாதேவி ஒவ்வொரு தடவையும் தலையை மட்டும் அசைத்தார். இளநீர்க்காரர் வெட்டிய காயை நீட்டியபடியே நின்றார்.

வேனுக்குத் திரும்பியதும் கலாதேவி கதவைச் சாத்திக்கொண்டார். “பவித்ரன் செத்துட்டான், சாஹிப். பிப்ரவரி பன்னெண்டாந்தேதியே. மோட்டார் சைக்கிள். மழையில சறுக்கித் தானா விழுந்திருக்கான்.”

சாஹிப் சாவியைத் திருப்ப மறந்து உட்கார்ந்திருந்தார். “இன்னாலில்லாஹி... அப்ப கப்பல்ல அந்தப் பேர்ல யாரும் இல்லன்னது?”

“ஐ.சி. கார்டுல அவன் பேரு கனகராஜ். தாத்தா பேரு. வீட்டுல கூப்பிடுறது பவித்ரன், படத்துக்குக் கீழ போடுறதும் அதுதான். நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு இப்படி ரெண்டு பேரு. முப்பது வருஷமா கூண்டுல நிக்குறவங்ககிட்ட கேட்ட கேள்வி இது. அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? உங்க மச்சான்கிட்ட நான் பேரே சொல்லல. முகம் வரையிற தமிழ்ப் பையன்னுதான் கேட்டேன். ‘கனகராஜா? அவன் போய்ச் சேந்துட்டானேக்கா’ன்னாரு.”

“அப்பன்காரனுக்குத் தெரியுமா?”

“இல்ல. இப்பதான் காருக்குள்ள தெரிஞ்சுக்கிட்டிருப்பாரு.”

“செத்து ஆறு வாரம் கழிச்சு அட்டை வந்திருக்கு...” சாஹிப் கண்ணாடியில் பின்னால் நின்ற காரைப் பார்த்தார். உள்ளே அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

தென்னந்தோப்பின் ஓரத்தில் பலகை வீடு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவும் வேலை முடிந்து பவித்ரனின் அம்மா இருளாயி இரண்டரை மணிக்குச் சைக்கிளில் வந்தார். அறுபதைத் தாண்டிய, எலும்பும் தோலுமான உருவம். வாசலில் நின்ற நாலு பேரையும் பார்த்தார். மகன் வரைந்து காட்டிய முகம் என்று ஷாமினியை அடையாளம் கண்டதும் சைக்கிளின் ஸ்டாண்டைப் போடவே அவருக்குக் கை வரவில்லை. சாஹிப் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

“உள்ள வாங்க,” என்றார் இருளாயி. “நாக்காலி ரெண்டுதான் இருக்கு.”

சுவரில் மகனின் படம். அதன் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. ஷாமினி அதைப் பார்த்தபடி சுவரோரம் நின்றாள். தர்மேந்திரன் வாசற்படியைத் தாண்டவில்லை.

“அம்மா, என் பேரு கலாதேவி. ஒரு அட்டையைப் பத்திப் பேச வந்தோம்.”

“எந்த அட்ட?”

கலாதேவி எட்டாவது அட்டையை மேசையில் வைத்தார். இருளாயி அதைத் தொடவில்லை.

“இதுல ரெண்டு ஆளோட கை இருக்கு,” என்று கலாதேவி ஆரம்பித்தார். சத்தமில்லாத, களைத்த குரல். “கடல் படம் பவித்ரன் வரைஞ்சது. கவர் மேல அட்ரஸும் பவித்ரன் எழுதினது. முன்கூட்டியே எழுதி வச்சிருக்கான். இது ரெண்டும் அவன் பைக்குள்ள இருந்த சாமான். பையைக் கையில வச்சிருக்கிறவங்கதான் இதை அனுப்ப முடியும். தர்மேந்திரன் எழுத்தும் பழைய எழுத்துதான், அவர் கையும் மரம் வெட்டின கைதான். ஆனா அந்தப் பை அவர்கிட்ட இல்ல. அவனுக்கு அப்பா இல்லன்னு போலீஸ் பேப்பர்ல இருக்கு. சாமானைக் கையெழுத்துப் போட்டு வாங்கினது நீங்க.”

இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மரத்தைப் பாத்து முதல்ல நானும் தப்பாத்தான் நினைச்சேன். சரியா வரைஞ்சதுதான் அசல், தப்பா வரைஞ்சது போலின்னு. பவித்ரன் பொறந்தப்போ தோட்டத்துல ரப்பரை அழிச்சுச் செம்பனை போட்டாச்சு. அவன் வெட்டைக் கண்ணால பாத்ததில்ல. வலது கைக்காரன் வேகமா ஒரு கோடு இழுத்தா வலது மேல இருந்து இடது கீழதான் வரும். ஏழு அட்டையிலயும் அப்படித்தான் இழுத்தான். அந்தத் தப்புதான் அவன் கையெழுத்து. எட்டாவதுல தப்பு இல்ல. அதனால அது அவன் இல்ல.”

“பாத்துப் பாத்துத்தான் போட்டேன்,” என்றார் இருளாயி. மறுக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. “அவன் பையில இருந்த கட்டுல, அனுப்பாத பழைய அட்ட ஒன்னு கெடந்துச்சு. அதப் பாத்துத்தான் போட்டேன். எழுத்தெல்லாம் மெதுவா எழுதினேன். வெட்டு வரும்போது கையி தன்னால அந்தப் பக்கம் எறங்கிருச்சு. பதினெட்டு வருசம் வெட்டின கையிம்மா. அவன் வரையிற மரத்தப் பாத்து, ‘டேய், இதுல சொட்டுப் பால் வராதுடா’ன்னு எத்தன வாட்டி சிரிச்சிருப்பேன்.”

“அதோட ‘நீ நல்ல பிள்ளை’ன்னு எழுதினீங்க. காதலிச்சவளை விட்டுட்டுப் போறவன் அவளைப் பிள்ளைன்னு சொல்ல மாட்டான். அவ அப்பாவும் தன் மகளுக்கு அப்படி எழுத மாட்டாரு. நேர்ல பாக்காத ஒரு பொண்ணை மனசுக்குப் பிடிச்சுப்போன ஒரு அம்மாதான் அப்படி எழுதுவாங்க.”

வாசற்படியில் தர்மேந்திரன் தொண்டையைச் செருமினார். ஷாமினி திரும்பி அவரைப் பார்த்தாள். “சாரிப்பா,” என்றாள். அவர் ‘வேணாம்’ என்பதுபோல் கையை அசைத்தார்.

பிறகு அவள் இருளாயியின் எதிரில் வந்து நின்றாள். “ஏம்மா? செத்துட்டாருன்னே சொல்லியிருக்கலாமே.”

“வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டான்னா ரெண்டு மாசம் திட்டுவ, மூணாவது மாசம் மறந்துருவ. செத்துட்டான்னா மறப்பியா? ஒனக்கு என்ன வயசாவுது?”

“திட்டினேன்.” ஷாமினியின் குரல் முதல்முறையாக உடைந்தது. “தினமும் திட்டினேன்மா. ‘நீ நல்லாவே இருக்க மாட்டே’ன்னு திட்டினேன். செத்துப் போனவரை.”

“அதுக்குத்தானே எழுதினேன்,” என்றார் இருளாயி.

வெளியே ஒரு மட்டை விழுந்தது. ஷாமினி கேட்டாள்: “அன்னைக்கு எங்க வந்துகிட்டு இருந்தாரு?”

“என்னையப் பாக்கத்தான்.” பதில் மிக வேகமாக வந்தது. “லீவு கெடச்சுச்சு, என்னையப் பாக்க வந்தான்.”

ஷாமினி கலாதேவியின் மடியிலிருந்த பழுப்பு உறையைப் பார்த்தாள். “ஆண்ட்டி, அந்த ரிப்போர்ட்டுல என்ன இருக்கு?”

சாஹிப் கலாதேவியைப் பார்த்தார். இருளாயியும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. சாஹிப்புக்கே அது புரிந்தது. ஒரு சொல்லை விட்டுவிட்டால் போதும். மலாய் அறிக்கை, இவர்தான் மொழிபெயர்க்கப் போகிறார். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

கலாதேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு தாளை விரித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “‘இடம்: வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, கோப்பேங் அருகில். திசை: வடக்கு நோக்கி. நேரம்: மாலை ஐந்து பத்து.’”

போர்ட் கிள்ளானிலிருந்து பாகான் டத்தோ வருகிறவன் கடலோரமாக சபாக் பெர்ணம் வழியாக வருவான். நெடுஞ்சாலையில் ஏறினாலும் பீடோரிலேயே இறங்கியிருப்பான். கோப்பேங் அதையெல்லாம் தாண்டி, ஈப்போவுக்கு இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிறது. லோரி ஓட்டிப் பிழைப்பைத் தொடங்கிய தர்மேந்திரனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்க வீட்டுக்கு வந்துகிட்டு இருந்தாரு,” என்றாள் ஷாமினி.

“ஏம்மா சொன்னே?” இருளாயி கலாதேவியின் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, அதைவிட மோசமான ஒன்று. “ஒரு சொல்ல விட்டிருந்தா ஒருத்தரும் ஒன்னக் கேக்கப் போறதில்லியே. நான் எம்மாம் கஷ்டப்பட்டு அத மறச்சு வச்சிருந்தேன். இந்தப் பொண்ணோட அப்பாவப் பாத்துப் பேசப் போறேன், ஒரு தடவ நேர்ல கேட்டுப் பாக்குறேன்னு போன் போட்டான். போய்ட்டு வாடான்னு நாந்தான் சொன்னேன். நாளைக்குப் போவலாம், மழ வருதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.”

கலாதேவி தாளை மடிக்க முயன்றார். அது மடிந்த கோட்டில் மடியாமல் கோணிக்கொண்டு போயிற்று.

ஷாமினி தரையில் உட்கார்ந்தாள். இருளாயியின் பக்கத்தில், தொடாமல், ஒரு கை இடைவெளி விட்டு. “உங்களுக்குத் தெரியும்ல. இப்ப எனக்கும் தெரியும். அவ்ளோதான்மா. நீங்க ஒருத்தரே வச்சிருக்க வேணாம்.”

இருளாயி அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

“ஷாமி, போலாமா?” என்றார் தர்மேந்திரன் மெதுவாக. “நாளைக்கு வர்றவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். இப்ப வா.”

“நீங்க போங்கப்பா. நான் நாளைக்கு பஸ்ல வாரேன்.”

அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். படியிறங்கிக் காரை நோக்கி நடந்தார். பாதித் தூரத்தில் நின்று, திரும்பிப் பார்க்காமல் மறுபடி நடந்தார். கலாதேவியும் சாஹிப்பும் எழுந்தார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து இருளாயியின் குரல் கேட்டது. எரிச்சலும் சலிப்புமாக, வீட்டில் ஒருத்தியிடம் பேசுவது போன்ற குரல்.

“பஸ்ஸு காலையில ஏழு மணிக்குத்தான். அத விட்டா பதினொன்னு. சீக்கிரம் எந்திரிப்பியா நீ?”